ஒண்ணும் விசேஷம் இல்லை

அந்தக் காலத்தில், அதாவது மாடு வாயைத் திறந்தால் மனிதன் வாயை மூடிக்கொண்டு கேட்ட காலத்தில், விசேஷம் என்பது ஒரு ஆள்.

நம்மைப்போலக் கை, கால், தொப்பை எல்லாம் உள்ள ஆள்தான். பட்டு வேட்டி கட்டியிருப்பார். நெற்றியில் பழைய சந்தனம் காய்ந்து வெடித்திருக்கும், அதன்மேல் புதுச் சந்தனம் ஈரமாக இருக்கும். காதில் ஒரு செவ்வந்திப் பூ. அவர் வருகிறார் என்றால் முதலில் மேளம் கேட்கும். மேளம் மட்டும்தான் அவர் கொண்டுவருவது. வெள்ளையடிப்பது, தோரணம் கட்டுவது, மாவு ஆட்டுவது, அண்டா கழுவுவது எல்லாம் அவர் வந்து சேர்ந்த ஊரின் பாடு.

கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. யார் வீட்டிலும் எதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில்லை. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பியைப் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காரவைத்து, ஒருத்தர் இலையில் வைத்த அப்பளத்தை இன்னொருத்தர் எடுத்துத் தின்னும்படி செய்துவிடுவார். அவரிடம் இருந்த குறை ஒன்றுதான். தன்னைப்பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவரால் அந்த ஊரைவிட்டுப் போக முடியாது.

முறையாக விடைபெற்றுக்கொண்டுதான் கிளம்புவார். ஊர் எல்லையில் குளத்தங்கரை வந்ததும் கால் நின்றுவிடும். தன்னைப்பற்றி ஊருக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியாமல் மேலே நடக்க மாட்டார். கேட்டுச் சொல்வதற்கென்றே ஒரு ஆள்காட்டிக் குருவியை வைத்திருந்தார். மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்பு, எந்நேரமும் தூக்கம் கெட்ட முகம். அது கரையில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரையெல்லாம் மறித்து, "என்ன விசேஷம், என்ன விசேஷம்" என்று கேட்கும். வந்துபோனவர் எப்படி, உங்களுக்குத் திருப்திதானா என்று அதற்கு அர்த்தம். கேட்கப்பட்டவர் "பிரமாதம்" என்று சொல்லிவிட்டால் போதும். குருவி பறந்துபோய்ச் சொல்லும். இவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு பிரியமான ஜனத்தை விட்டுப் போவதா என்று மேளத்தோடு திரும்பிவிடுவார்.

மற்ற ஊர்களில் இது பெரிய தொல்லையாக ஆனதில்லை. இரண்டு மூன்று முறை திரும்பி வந்தபின் அந்த ஜனங்களுக்குப் புகழ்வதற்கு வாயில் தெம்பு இருக்காது. அவரும் தானாக நடையைக் கட்டிவிடுவார். மேலத்தாங்கல் அப்படிப்பட்ட ஊர் இல்லை.

மேலத்தாங்கல்காரர்களுக்கு ஒரு வியாதி. வெளியாள் யார் கேட்டாலும் தங்கள் ஊரை ஒரு மாற்றுக் குறைத்துச் சொல்ல அவர்களுக்கு வராது. கிணறு வற்றிக் கிடந்தாலும் தண்ணீர் தித்திப்பு என்பார்கள். ஊர்ப் பெரியவர் கோட்டைச்சாமிக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது. அவர் பல்வலியில் கன்னம் வீங்கிப் படுத்திருந்தபோது பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்து விசாரிக்க, எங்கள் ஊர்ப் பல்வலி மாதிரி எந்த ஊரிலும் கிடையாது என்று அந்த வாயாலேயே சொன்னவர்.

அந்த ஊருக்கு ஒரு தை மாதம் விசேஷம் வந்தார். மாசி போனது, பங்குனி போனது, அவர் போகவில்லை. குளம் வற்றியது. மழை பெய்து குளம் மறுபடி நிறைந்தது. அப்போதும் அவர் போகவில்லை.

வீட்டுச் சுவர்களில் சுண்ணாம்பின்மேல் சுண்ணாம்பு ஏறிச் சுவர் தடித்து, உள்ளே ஆள் திரும்பிப் படுக்க இடமில்லை. பெண்கள் தூங்கிக்கொண்டே கோலம் போட்டார்கள். ஒரு வீட்டு வாசலில் தொடங்கிய கோலம் தெருமுனைக் கிணற்றடியில் போய் முடிந்திருந்தது. பந்தியில் இலையைப் போட்டதும் இலைமேலேயே தலையை வைத்துப் படுத்தவர்கள் உண்டு. பரிமாறுகிறவரும் அதைக் கவனிக்காமல் காதோரம் கூட்டு வைத்துவிட்டுப் போவார். ஆனாலும் மறுநாள் குளத்தங்கரையில் குருவி கேட்டால், "எங்க ஊரு மாதிரி வருமா" என்று கொட்டாவிக்கு நடுவே சொல்லிவிட்டு வந்தார்கள்.

இதில் ரொம்பவும் தேய்ந்துபோனவள் வெள்ளத்தாய். ஊரிலேயே பெரிய ஆட்டுக்கல் அவள் வீட்டுக் கொல்லையில் இருந்தது. அவள் கை பட்டால்தான் மாவு பொங்கும் என்று ஊர் முழுவதும் அரிசியையும் உளுந்தையும் அங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும். குழவியைச் சுற்றிச் சுற்றி, சும்மா இருக்கும்போதும் அவள் வலது கை காற்றில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் புருசன் தோரணம் கட்ட ஏணியில் ஏறியவன், ஏணியிலேயே தூங்கிப்போனான். இறக்கிவிட யாருக்கும் தெம்பில்லை. போகிற வருகிறவர்கள் அவன் தோளிலேயே மாவிலையைச் செருகிவிட்டுப் போனார்கள்.

அவளிடம் மயிலை, செவலை என்று ஒரு ஜோடி காளை இருந்தது. கன்றிலிருந்து அவள் கஞ்சி ஊற்றி வளர்த்தவை. ஊரில் சாமி சப்பரத்தை இழுப்பது அவைதான். ஒரு நாள் சப்பரம் தெற்குத் தெரு திரும்பும்போது மயிலை நடுத்தெருவில் காலை மடக்கிப் படுத்தது. எழுந்திருக்கவில்லை. அதன் கொம்பில் பூசிய வர்ணம் அப்போதும் காயாமல் இருந்தது. விசேஷம் ஓடிவந்து அதன் நெற்றியைத் தடவிப் பார்த்து, பாவம் அசந்து தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டு மேளத்தை மெதுவாக வாசிக்கச் சொன்னார். நிறுத்தச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் செவலை ஒற்றையாக நுகத்தடிக்குள் நின்றது. முழங்கால் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. அன்றைக்கு வெள்ளத்தாயிடம் அரைக்க வந்தது விதைநெல் குத்திய அரிசி. களஞ்சியத்தில் வேறு இல்லை என்றார்கள். குளத்தில் தண்ணீர் நிற்கிறது, உழ மாடில்லை, விதைக்க நெல்லில்லை, மாலையில் அதிரசம் உண்டு. வெள்ளத்தாய் குழவியை நிறுத்திவிட்டு, ஊரைக் கூட்டச் சொன்னாள்.

ஊர் கூடியது. பாதிப் பேர் உட்கார்ந்தபடி தூங்கினார்கள். போய்த் தொலை என்று நேராகச் சொல்லிவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் பதறிப்போனார்கள். கீழத்தாங்கலில் அப்படித்தான் ஒரு தடவை முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்லிவிட்டார்கள். அவர் அந்தத் திசைக்கே பிறகு போகவில்லை. அங்கே இப்போது கல்யாணம் நடந்தால் பெண் மாப்பிள்ளைக்கே மறுநாள்தான் தெரியவருகிறது. பிள்ளை பிறந்தால் சரி, இன்னொரு பாய் எடுத்துப் போடு என்கிறார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஏன் சாப்பிட்டோம் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஊர் அது.

ஆகவே அவர் போகவும் வேண்டும், ஒரேயடியாகப் போய்விடவும் கூடாது. கோட்டைச்சாமி ஒரு யோசனை சொன்னார். அவர் பேரைச் சொல்லிப் பேசுவதால்தானே குருவி காதில் விழுகிறது. நமக்குள் வேறு பேர் வைத்துக்கொண்டு பேசுவோம். பண்டிகை என்று வைத்துக்கொள்வோம், யாருக்கும் விளங்காது.

அன்று மாலையே குருவி போய், உங்களுக்குப் பண்டிகை என்று செல்லப்பேர் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டது. விசேஷம் நெகிழ்ந்துபோனார். அந்தப் பேருக்கு ஏற்றமாதிரி எண்ணெய்க் குளியலும் புதுத்துணியுமாக வீடு வீடாக நுழைந்தார். ஊர் அவசரமாகப் பேரை மாற்றித் திருவிழா என்றது. அவர் அகலமான பேராக இருக்கிறதே என்று தெருவை அடைத்துக்கொண்டு கடைகளோடு வந்தார். திருநாள் என்றார்கள், விளக்கேற்றிக்கொண்டு வந்தார். கொடை என்றார்கள். ஊர்க்கோடி அம்மன் கோயிலில் பொங்கல் பானையும் வில்லுப்பாட்டும் கிடாவெட்டுமாக வந்து நின்றார். இன்றைக்கு நம்மிடம் இதற்கு இத்தனை சொல் இருக்கிறதே, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை இருக்கிறதே, யாரோ புலவர்கள் ஆசையாக உட்கார்ந்து உண்டாக்கியது என்று நினைக்க வேண்டாம். எல்லாம் ஓடி ஒளியப் பார்த்த ஜனங்கள் களைப்பில் உளறியவை.

கொடைக்கு மறுநாள் ஆடுகள் சார்பில் ஒரு கிழட்டு ஆடு வந்து பேசியது. "உங்களுக்காவது இடுப்பு வலி. எங்களுக்கு வலிக்க ஆளே இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது.

கடைசியில் வெள்ளத்தாய்தான் சொன்னாள். பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். குருவி கேட்டால் நல்லா இருந்தது என்றும் சொல்லாதீர்கள், கெட்டது என்றும் சொல்லாதீர்கள். ஒன்றுமே நடக்காதமாதிரி நடந்து வந்துவிடுங்கள். விசேஷம் இன்று சாயங்காலம் விடைபெற்றுப் போவார். நாளைக்கு ஒரு நாள் வாயை அடக்கினால் போதும்.

மறுநாள் காலையில் செவலைதான் முதலில் குளத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போனது. குருவி மறித்து, என்ன விசேஷம் என்று கேட்டது. மாட்டுக்குப் பொய் வராது. கொம்புக்கு வர்ணமும் கழுத்துக்கு மாலையும் கிடைத்தது அதற்குப் பிடித்துத்தான் இருந்தது. கேட்டால் அதைச் சொல்லிவிடும். அதனால் கரையில் கிடந்த வைக்கோலை வாய் நிறைய எடுத்துக்கொண்டு மென்றது. குருவி திரும்பக் கேட்டது. இது மென்றது. வைக்கோல் தீர்ந்த பிறகும் விழுங்கினதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து மென்றது. பதில் சொல்லாமல் தப்பிக்க அன்றைக்குப் பழகினது, அந்த வர்க்கம் இன்றைக்கும் வாயை நிறுத்தவில்லை. பேச்சே மறந்துபோகிற அளவுக்கு மென்றுவிட்டன. நம்பாதவர்கள் எந்த மாட்டையாவது கேட்டுப் பார்க்கலாம், மெல்லுமே தவிர மறுக்காது.

ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு கடந்து வந்தார்கள். குருவிக்குக் குரல் கம்மிப்போனது. உச்சி வேளைக்குக் கோட்டைச்சாமி குளிக்கப் போனார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் போனார். குருவி அவரிடம் கேள்வியே கேட்கவில்லை. பக்கத்தில் வந்து சாவகாசமாக ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, ஆற்றுக்கு அக்கரையில் நடந்ததைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள், அங்கே வடையில் ஓட்டை நடு மத்தியில் இருந்ததாம் என்று சொன்னது.

கோட்டைச்சாமி இரண்டு முழுக்குப் போட்டுப் பார்த்தார். தண்ணீருக்குள்ளேயும் அது அவருக்குக் கேட்டது. மூன்றாவது முழுக்கிலிருந்து எழும்போதே, "அக்கரையில அவனுக்கு வடைன்னா என்னன்னு தெரியுமா? எங்க ஊருல நடந்தது பிரமாதம்லா" என்று வாயிலிருந்த தண்ணீரோடு கொப்பளித்துவிட்டார்.

குருவி பறந்துவிட்டது.

அவர் ஈர வேட்டியோடு ஓடிவந்து வெள்ளத்தாய் வீட்டு வாசலில் உட்கார்ந்து, "மதினி, வாய் தவறிட்டு" என்றார். அவள் திட்டவில்லை. திட்டுவதற்கும் கொஞ்சம் பலம் வேண்டும். தூரத்தில் மேளம் வலுத்தது. கொல்லையில் படுத்திருந்த செவலை காதைத் தூக்கிக் கேட்டது. எழுந்திருக்கப் பார்த்து முன்னங்காலை ஊன்றியது. கால் வழுக்கியது.

அந்த வர்க்கம் பேசின கடைசிப் பேச்சு அதுதான் என்பார்கள். வாயில் மெல்லுவதை ஒதுக்கிக்கொண்டு, "ஆத்தா, இன்னொரு தடவ நுகத்தடியில வச்சியன்னா நான் மயிலைகிட்டப் போயிருவேன்" என்று சொன்னது. கோபமாகச் சொல்லவில்லை. வெயில் ஏறிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னது.

வெள்ளத்தாய் மாவுக் கையோடு எழுந்து குளத்தங்கரைக்கு நடந்தாள். வழியெல்லாம் அவள் கை காற்றில் மாவு ஆட்டிக்கொண்டே வந்தது. செவலையும் பின்னால் நொண்டி நொண்டி வந்தது, கூப்பிடாமலே.

கரையின் அந்தக் கோடியிலிருந்து விசேஷம் வேகமாக வந்துகொண்டிருந்தார். இவளைக் கண்டதும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தங்கச்சி, நீயே எதுக்க வந்துட்டியா" என்றார். அவருக்கு எத்தனையோ தங்கச்சிகள். ஆனால் இவள் கல்யாணத்தன்று மழை கொட்டி ஆக்கிய சோறெல்லாம் நனைந்து, பெண் வீட்டார் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, அந்த மழைச் சோற்றையே உருட்டி உருட்டித் தின்று, எல்லோரையும் சிரிக்கவைத்து, பந்தியை நடத்திக் கொடுத்தவர் அவர். வெள்ளத்தாய்க்கு அது ஞாபகம் வந்திருக்க வேண்டாம். வந்துவிட்டது.

"என்ன தங்கச்சி, என்ன விசேஷம்?" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரலிடுக்கில் மாவு காய்ந்து வெடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் செவலை மூச்சுவிடுவது முதுகில் பட்டது.

"ஒண்ணும் விசேஷம் இல்ல, அண்ணாச்சி."

மேளம் நின்றுவிட்டது. அந்த வருஷம் முழுவதிலும் முதல்முறையாக மேளம் இல்லாமல் இருந்தது. குளத்தில் தவளைகள் இருக்கின்றன என்பதே அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"பெரியவரு பிரமாதம்னு சொன்னதாக் குருவி சொல்லுச்சே."

"அவரு சொல்லுவாரு. ஏதோ போச்சு."

விசேஷம் துண்டை ஒரு தோளிலிருந்து மற்ற தோளுக்கு மாற்றினார். என்ன செய்வது என்று தெரியாதபோது அப்படிச் செய்வார் போலிருக்கிறது. எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். சாப்பிட்டோம் என்றாள். "அப்பச் சரி" என்றார். காதிலிருந்த செவ்வந்திப் பூவை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். பிறகு அதைச் செவலையின் கொம்பில் செருகிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அப்போதுதான் வெள்ளத்தாய் தலையைத் தூக்கி அவருடைய முதுகைப் பார்த்தாள். முன்னாலிருந்து பார்க்கிறபோது மினுமினுக்கிற அந்தப் பட்டு வேட்டி பின்னால் நைந்து, கரையெல்லாம் சேறாக இருந்தது. குதிகால் இரண்டும் கரிசல் காடு மாதிரி வெடித்திருந்தன. எல்லா ஊரிலும் எல்லோரையும் உட்காரவைத்துப் பரிமாறுகிற மனிதன், தான் ஒரு பந்தியில் உட்கார்ந்து எழுந்து அவள் பார்த்தது அந்த மழை நாளில் மட்டும்தான். திரும்பித் திரும்பி இந்த ஊருக்கே வந்தது, இங்கேயாவது யாராவது உட்காரச் சொல்வார்கள் என்றுதானோ என்னவோ. யாரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. சொன்னால் மாடு செத்துப்போகும்.

பனைமரத்தடியில் பாதை திரும்புகிற இடத்தில் அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். விருந்தாளிகள் பார்ப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி.

கீழத்தாங்கலில் அவரைப் போகச் சொன்னபோது எல்லோரும் முகத்தை இறுக்கமாக வைத்திருந்தார்கள். வெள்ளத்தாயும் அப்படித்தான் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். களைத்த முகத்தை இறுக்கிப் பிடிப்பதும் ஒரு வேலை. அவளால் முடியவில்லை. வாயின் ஒரு ஓரம் கழன்றுகொண்டது. சொன்ன சொல் சொன்னபடி நிற்க, அந்த ஓரத்தில் மட்டும் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

அவர் அதைப் பார்த்தார். குருவி அவசரமாக, சிரிக்கிறாள், திரும்பலாமா என்று கேட்டது. "இப்ப வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் பனைமரத்தைத் தாண்டிப் போய்விட்டார். பாஷை தெரிந்த மனிதர்தான். அதுவரை யாரும் அந்தப் பாஷையில் அவரிடம் பேசியதில்லை, அவ்வளவுதான்.

ஊர் தூங்கியது. கட்டிலில், தரையில், வைக்கோல் போரில், கிடைத்த இடத்தில் தூங்கியது. ஏணியிலிருந்த புருசன் மட்டும் விழித்துக்கொண்டு, மேளத்தை ஏன் நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்து மறுபடி தூங்கினான். எழுந்தபோது ஊர் வெறிச்சென்று இருந்தது. வாசலில் வாழைமரம் தலை சாய்ந்து, பந்தலில் ஒரு கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் நிம்மதியாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது. விசேஷம் முடிந்த மறுநாள் நம் வீடுகளில் வந்து உட்கார்ந்துகொள்கிறதே, அதேதான்.

செவலை தேறியது. அக்கரையில் விதைநெல் கேட்டு வாங்கினார்கள். கேட்கப் போன கோட்டைச்சாமி, உங்கள் ஊர் வடை நன்றாக இருக்கும் என்று தன் வாயால் சொல்லவேண்டியிருந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவர் வெகுநாள் யாரோடும் பேசவில்லை. கதிர் முற்றி, அறுத்துக் களத்தில் சேர்த்த அன்றைக்கு, தூரத்தில் மெதுவாக ஒரு மேளம் கேட்டது. வெள்ளத்தாய் மற்ற வேலையெல்லாம் போட்டுவிட்டு முதலில் ஒரு பாயை எடுத்து வாசலில் விரித்தாள். அவர் வந்து உட்கார்ந்து காலை நீட்டி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். கிளம்ப வேண்டிய நாளில் கிளம்பினார். குளத்தங்கரையில் நிற்கவில்லை.

குருவிதான் பழக்கத்தை விடவில்லை. இன்றைக்கும் கரையோரம் ஆள் நடந்தால் கத்திக் கேட்கிறது. ஊர்க்காரர்களும் அது இல்லாத இடத்தில் ஒருத்தரை ஒருத்தர் கேட்டு, பதிலை மறந்துவிடாமல் பழகிவைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான், நம் பக்கத்தில் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் ஒருவர் என்ன விசேஷம் என்று கேட்பதும், மற்றவர், மகள் கல்யாணப் பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தாலும்கூட, ஒண்ணும் விசேஷம் இல்லை என்று சொல்லிவிட்டு, வாயோரம் லேசாகச் சிரிப்பதும்.